மாதிரி வினாத்தாளில் 2³ எப்படி 23 ஆகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொதுத்தேர்வு நெருங்கும்போது தமிழ் நாளிதழ்கள் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் 2-வுக்கும் மாதிரி வினாத்தாள்கள் வெளியிடுகின்றன. டியூஷன் வசதி இல்லாத பிள்ளைகளுக்கு இது நல்ல உதவி. ஆனால் கணிதம், இயற்பியல் தாள்களில் ஒரே வகைப் பிழைகள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. 2³ என்பது 23 என்று அச்சாகிறது. 10⁻⁵ என்பது 10-5 ஆகிவிடுகிறது. வர்க்கமூலக் குறி இருந்த இடத்தில் வெறும் கட்டம் நிற்கிறது. மூன்றின் கீழே 4 + 1 என்று இரண்டு அடுக்காக இருந்த பின்னம், ஒரே வரியில் 3/4 + 1 என்று வருகிறது. முன்னதன் மதிப்பு 0.6, பின்னதன் மதிப்பு 1.75. மாணவர் சரியாகப் போட்டாலும் விடைக்குறிப்போடு ஒத்துவராது. தவறு தன்னுடையது என்றே நினைத்துக்கொள்வார்.

பிழை திருத்துபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆசிரியரின் கணினியிலிருந்து பக்க வடிவமைப்பாளரின் கணினிக்குக் கோப்பு வரும் வழியிலேயே சமன்பாடு உடைந்துவிடுகிறது. எங்கே, ஏன் உடைகிறது என்று தெரிந்தால் எந்த மென்பொருளில் எழுதுவது என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்கள், டி.டி.பி. செய்பவர்கள், உங்கள் பக்க வடிவமைப்புப் பிரிவினர் மூவரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் அடுக்கு எண். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட், கூட்டல்குறி விசைகளைச் சேர்த்து அழுத்தி 3-ஐ மேலே ஏற்றினால், கோப்பைப் பொறுத்தவரை அது சாதாரண 3-தான். மேலே சின்னதாக நிற்பது வெறும் அலங்காரம். அந்த வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது அலங்காரம் கழன்று 23 ஆகிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ², ³ போன்ற தனி எழுத்துகள் இருக்கின்றனவே, அவற்றைப் பயன்படுத்தலாமே என்று கேட்கலாம். ஓரளவுக்குச் சரி. ஆனால் ¹, ², ³ மூன்றும் பழைய குறியீட்டுப் பகுதியிலும் மற்ற அடுக்கு எண்கள் வேறு பகுதியிலும் இருப்பதால், பல எழுத்துருக்களில் முதல் மூன்று மட்டுமே உண்டு. அப்போது ⁴, ⁵ வேறொரு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கப்பட்டு, பக்கத்திலுள்ள ² உடன் அளவிலும் உயரத்திலும் ஒட்டாமல் நிற்கும். அதோடு, அடுக்கில் ஒரு பின்னம் வந்துவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய தமிழ் எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஏதோவொரு ஆங்கில எழுத்தின் அல்லது குறியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சமக்குறி, கூட்டல்குறி, சிறிது பெரிது குறிகள், மேலே சொன்ன ², ³ ஆகியவற்றின் இடங்களும் இப்படி ஆக்கிரமிக்கப்பட்டிருக்கலாம். எது எது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். ஆகவே பாமினி பத்தியில் ஒரு சமன்பாட்டை ஒட்டினால் குறிகள் தமிழ் எழுத்துத் துண்டுகளாக மாறும். பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை மாற்றினால் எண்ணும் குறியும் சரியாகிவிடும், தமிழ் குப்பையாகிவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்று ஆணை பிறப்பித்தது. அதன்பிறகும் கணித வினாத்தாள்களைப் பழைய எழுத்துருவில் தட்டுவதற்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: அச்சகத்தில் இன்னும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் ஓடுகிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-ல்; அது யூனிகோடை ஏற்காது. மற்ற எவருக்கும் சாக்கு இல்லை. பழைய கோப்புகளை முதலில் எழுத்துரு மாற்றி மென்பொருள் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டு, அதன்பிறகே சமன்பாடுகளில் கைவைக்க வேண்டும். வரிசை மாறினால், மாற்றி மென்பொருள் உரையில் உள்ள எக்ஸ், ஒய் எழுத்துகளையும் தமிழ் என்று எண்ணி மாற்றிவிடும்.

அடுத்து, பலரையும் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பழுது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த வினா வங்கியைத் திறந்தால் சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் இரட்டைச் சொடுக்கு செய்தால் திறப்பதில்லை, இதை உருவாக்கிய நிரல் கணினியில் இல்லை என்ற செய்தி வருகிறது. உடனே ஆபிஸை அழித்து மீண்டும் நிறுவுகிறார்கள். பயனில்லை. காரணம் இதுதான்: பழைய வேர்டுடன் வந்த ஈக்வேஷன் எடிட்டர் 3.0 என்பது டிசைன் சயன்ஸ் நிறுவனம் எழுதித் தந்த தனி நிரல். அதில் 2017-ல் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. 2018 ஜனவரி மாதப் புதுப்பிப்பில் மைக்ரோசாஃப்ட் அந்த நிரலையே ஆபிஸிலிருந்து எடுத்துவிட்டது. இணையத்தில் யாரோ பதிவேற்றிய பழைய நிரல் கோப்பைத் தேடி எடுத்து மறுபடியும் போட்டுக்கொள்பவர்கள் உண்டு; நச்சுநிரல் புகுவதற்கென்றே திறந்துவிடப்பட்ட கதவு அது. வேண்டாம்.

சரியான வழி இரண்டு. மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால், பழைய சமன்பாட்டின் மேல் இரட்டைச் சொடுக்கு செய்ததும் அதை இப்போதைய ஆபிஸ் வடிவுக்கு மாற்றட்டுமா என்று ஒரு பெட்டி கேட்கும். அதில் எல்லாச் சமன்பாடுகளுக்கும் பொருந்தச் செய்யும் தெரிவும் உண்டு. அதைத் தொடும் முன் கோப்பின் பிரதி ஒன்றை வேறிடத்தில் எடுத்துவையுங்கள். மாற்றிய பிறகு பின்னங்களுக்குள் பின்னம், அணிகள், கோட்டுக்கு மேல் கோடு ஆகிய மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள். இரண்டாவது வழி மேத்டைப் என்ற சமன்பாட்டு மென்பொருள். அது அந்தப் பழைய நிரலின் பெரிய அண்ணன் என்பதால் பழைய சமன்பாடுகளைத் தயக்கமின்றித் திறக்கும். திறக்கவே வேண்டாம், பார்த்தால் போதும் என்ற நிலையிலும் குறிகளுக்குப் பதில் கட்டங்கள் தெரிந்தால், எம்டி எக்ஸ்ட்ரா என்ற எழுத்துரு கணினியில் இல்லை என்று பொருள்.

புதிதாக எழுதுபவர்களுக்கு என் பரிந்துரை எளிது. பள்ளித் தேர்வுத்தாள் அளவுக்கு வேர்டுக்குள்ளேயே இருக்கும் சமன்பாட்டு வசதி தாராளமாகப் போதும். 2007 பதிப்பிலிருந்து அது வேர்டின் உள்ளுறுப்பாகிவிட்டது. ஆனால் பெரும்பாலானோர் மெனுவில் பின்னம், மூலம், அடுக்கு என்று ஒவ்வொரு பெட்டியாகச் சொடுக்கி எழுதிவிட்டு, வேகமே இல்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். விசைப்பலகையிலேயே எழுதலாம். ஆல்ட் விசையுடன் சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி திறக்கும். அதில் 3/(4+1) என்று தட்டி இடைவெளி விசையை அழுத்தினால் அடைப்புக்குறி மறைந்து, 3 மேலேயும் 4 + 1 கீழேயுமாகப் பின்னம் அமையும். அடைப்புக்குறி போடாமல் 3/4+1 என்று தட்டினால் 4 மட்டும்தான் கீழே போகும். அச்சில் வரும் பின்னப் பிழைகளில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன. அடுக்குக்குக் கூரைக்குறி (^), கீழெழுத்துக்கு அடிக்கோடு (_). பின்சாய்கோடு போட்டு எஸ், கியூ, ஆர், டி என்ற நான்கு எழுத்துகளைத் தட்டி, அடைப்புக்குறிக்குள் எண்ணை எழுதி இடைவெளி விட்டால் வர்க்கமூலம். அணி வேண்டுமானால் பின்சாய்கோடு போட்டு மேட்ரிக்ஸ் என்று ஆங்கிலத்தில் தட்டி, அடைப்புக்குறிக்குள் 1&2@3&4 என்று கொடுங்கள். & நிரலை (நெடுவரிசையை) பிரிக்கும், @ நிரையை (கிடைவரிசையை) பிரிக்கும். அணியைச் சுற்றி அடைப்பு தெரிய வேண்டுமென்றால் முழுவதற்கும் வெளியே இன்னொரு சோடி அடைப்புக்குறி தேவை.

இப்படித் தட்டியும் எதுவும் மாறாமல் பின்சாய்கோடு அப்படியே நிற்கிறது என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். விசைப்பலகை தமிழ்99-லேயே இருக்கிறதா? விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தி ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். சமன்பாட்டுப் பட்டையில் யூனிகோடு மேத், லேடெக் என்ற இரண்டு பொத்தான்களில் எது அழுத்தப்பட்டிருக்கிறது? நான் மேலே சொன்னது முதலாவதற்கு. இரண்டாவதில் பின்னத்துக்கும் அணிக்கும் வேறு இலக்கணம். மூன்றாவது, கட்டளையின் முடிவில் இடைவெளி விட்டீர்களா? அதுதான் கணினிக்கு நீங்கள் தரும் சைகை.

சமன்பாட்டுப் பொத்தானே மங்கிக் கிடந்தால் கோப்பு பழைய டாக் (.doc) வடிவில் இருக்கிறது. மேலே தலைப்புப் பட்டையில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று எழுதியிருக்கும். ஃபைல், இன்ஃபோ, கன்வர்ட் என்று போய் மாற்றினால் பொத்தான் உயிர் பெறும். இதன் மறுபக்கம் ஆபத்தானது. புதிய வடிவில் எழுதிய தாளை, வாங்குபவரிடம் பழைய வேர்டு இருக்கிறதே என்று டாக் வடிவில் சேமித்தால் சமன்பாடுகள் அத்தனையும் படங்களாகிவிடும். வாங்குபவரால் ஓர் எண்ணைக்கூடத் திருத்த முடியாது. பழைய வேர்டு வைத்திருப்பவருக்கு பிடிஎஃப் அனுப்புவதே மேல்.

பின்னத்தின் தலை வெட்டுப்பட்டு அச்சாவதை உங்கள் வாசகர்கள் நிச்சயம் பார்த்திருப்பார்கள். தாளை நான்கு பக்கத்துக்குள் அடக்க, பத்திகளுக்கு வரி இடைவெளியை எக்ஸாக்ட்லி என்று வைத்து 14 புள்ளி, 15 புள்ளி என்று இறுக்கியிருப்பார்கள். அப்படி வைத்தால் வரிக்குள் எவ்வளவு உயரமான சமன்பாடு வந்தாலும் வேர்டு இடம் தராது, மேற்பகுதியை மறைத்துவிடும். திரையில் ஓரளவு தெரிந்து, தாளில் வெட்டுப்படுவதும் உண்டு. எக்ஸாக்ட்லி என்பதை அட் லீஸ்ட் என்று மாற்றினால் போதும்: சாதாரண வரிகள் இறுக்கமாகவே இருக்கும், பின்னம் உள்ள வரி மட்டும் விரியும். இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. வரிகளுக்கிடையே ஓர் அங்குல வெற்றிடம், எந்த அமைப்பை மாற்றினாலும் குறையாது. யாரோ உரைப் பத்திக்கே கேம்பிரியா மேத் எழுத்துருவைப் போட்டுவிட்டார்கள். சமன்பாட்டுக்கென்றே செய்யப்பட்ட அந்த எழுத்துருவின் வரி உயரம் மிகப் பெரிது. உரைக்கு வெறும் கேம்பிரியா போடுங்கள்.

தமிழ்த் தாளுக்கே உரிய இன்னொரு சங்கடம், சமன்பாட்டுக்குள் தமிழ்ச் சொற்கள். தனிவட்டி = (அசல் × ஆண்டுகள் × வட்டி வீதம்) ÷ 100 என்பதைப் பின்னமாக எழுத வேண்டியிருக்கிறது. சமன்பாட்டுப் பெட்டி ஒவ்வொரு எழுத்தையும் தனி மாறி என்று எண்ணுவது வழக்கம்; தமிழில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்தால்தான் எழுத்து. எனவே தமிழ்ச் சொல்லை இரட்டை மேற்கோள் குறிக்குள் தட்டுங்கள்; வேர்டு அதைச் சாதாரண உரையாக எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே தட்டியிருந்தால் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து நார்மல் டெக்ஸ்ட் பொத்தானை அழுத்தி, தமிழ் எழுத்துருவைக் கொடுக்கலாம். அப்படியும் கொம்பும் காலும் பிரிந்து நின்றால், சமன்பாட்டை விட்டுவிட்டு இரண்டு வரி உள்ள சிறிய அட்டவணை போடுவது நல்லது: மேல் கட்டத்தில் தொகுதி, கீழ்க் கட்டத்தில் பகுதி, நடுக்கோடு மட்டும் தெரியும்படி விட்டு மற்ற கோடுகளை அழித்துவிடுங்கள். அழகுப் போட்டியில் பரிசு வாங்காது. ஆனால் உடையாது.

தமிழும் எண்ணும் ஒரே வரியில் அளவு மாறித் தெரிந்தால் எழுத்துருப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. தமிழுக்குரிய எழுத்துருவும் அளவும் அங்கேதான் இருக்கின்றன. மேலே 11 என்றும் கீழே 14 என்றும் இருந்தால் அப்படித்தான் வரும்.

சமன்பாட்டுக்கு எண் இடுவதற்கு டேப் விசையைத் தட்டித் தட்டி ஓரத்துக்குத் தள்ள வேண்டாம். புதிய வேர்டில் சமன்பாட்டின் முடிவில் #(1) என்று தட்டி என்டர் அழுத்தினால் எண் தானாக வலது ஓரத்துக்குப் போய்விடும். பல படிகளாக வரும் விடையில் ஒவ்வொரு படியையும் ஷிஃப்ட், என்டர் கொடுத்துப் பிரித்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து வலச் சொடுக்கு செய்தால், சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக நிறுத்தும் கட்டளை இருக்கிறது. விடைக்குறிப்பு எழுதுபவர்களுக்கு இது ஒன்றே பாதி வேலையைக் குறைக்கும்.

மேத்டைப் யாருக்குத் தேவை? பழைய வினா வங்கி மலைபோல் குவிந்திருப்பவர்களுக்கும், அச்சுக்கு இன்டிசைன் அல்லது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கும். இன்டிசைனுக்குள் வேர்டு கோப்பை இறக்கும்போது வேர்டின் சொந்தச் சமன்பாடுகள் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. அந்த இடம் சத்தமில்லாமல் காலியாகிவிடும். கேள்வியே பாதியில் நிற்கும் தாள்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பதை உங்கள் வடிவமைப்புப் பிரிவினர் கவனிக்க வேண்டுகிறேன். மேத்டைப் சமன்பாட்டை அச்சுக்கான இபிஎஸ் படக் கோப்பாகச் சேமித்துப் பக்கத்தில் வைக்கலாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காது. ஒரே தொல்லை, வரியின் மற்ற எழுத்துகளோடு ஒரே மட்டத்தில் உட்காராமல் சற்று மேலேயோ கீழேயோ மிதக்கும். ஒவ்வொன்றையும் கையால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். இன்டிசைன் 2025 பதிப்பில் மேத்எம்எல் என்ற, இணையத்துக்கான கணிதக் குறிமொழியில் எழுதிய சமன்பாடுகளை நேரடியாகச் சேர்க்கும் வசதி வந்திருக்கிறது. அதுவரை காத்திருந்தவர்கள் முயன்று பார்க்கலாம். இன்டிசைனில் தமிழ் யூனிகோடு ஒழுங்காக அமைய, பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதை மறந்துவிட்டு எழுத்துருவைக் குறை சொல்பவர்கள் அதிகம். மேத்டைப் இப்போது ஆண்டுச் சந்தாவில் கிடைக்கிறது. இரண்டு பேர் வேலை செய்யும் டி.டி.பி. கடைக்கு அது கட்டுபடியாகுமா என்பதை அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

காசே இல்லாமல் வேலை முடிய வேண்டுமென்றால் லிப்ரே ஆபிஸ். அதில் வேர்டுக்கு இணையான ரைட்டரில் ஆங்கிலத்தில் எஃப், என் என்ற இரண்டு எழுத்தைத் தட்டி எஃப்3 அழுத்தினால் எண்ணிட்ட சமன்பாடு உடனே வந்து உட்காரும். பின்னத்துக்கு ஓவர் என்ற ஆங்கிலச் சொல். தொகுதியையும் பகுதியையும் நெளி அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அடைப்பு விட்டுப்போனால் தலைகீழ்க் கேள்விக்குறி தோன்றும். மேத்டைப் பழகியவர்கள் இதைப் பார்த்ததும் மிரண்டுவிடுகிறார்கள். விட்டுப்போன அடைப்பைப் போட்டால் மறைந்துவிடும். எத்தனை முறை இடைவெளி விசையை அழுத்தினாலும் இங்கே இடைவெளி வராது, அதற்கு ~ குறி. தமிழ்ச் சொல் இங்கேயும் இரட்டை மேற்கோளுக்குள்தான். எல்லாம் சரியாக இருந்தாலும் லிப்ரே ஆபிஸில் எழுதி வேர்டின் டாக்எக்ஸ் (.docx) வடிவில் சேமித்த கோப்பை வேர்டில் ஒருமுறை திறந்து பார்க்காமல் யாருக்கும் அனுப்பாதீர்கள். எளிய சமன்பாடுகள் பத்திரமாகப் போய்ச்சேரும். அடுக்கடுக்கான அணிகளில்தான் இடறும்.

கல்லூரிப் பேராசிரியர்களும் புத்தகம் எழுதுபவர்களும், கட்டளைகளாக எழுதி அச்சுப் பக்கம் பெறும் லேடெக் பக்கம் வருவது நல்லது. டொனால்டு குனூத் 1977-ல் தொடங்கிய, லேடெக்கின் அடித்தளமான டெக் இன்றுவரை கணித அச்சில் முன்னே நிற்கிறது. நூறு பக்கம் தாண்டும் நூலில் சமன்பாட்டு எண்களைக் கையால் மாற்றி மாற்றிச் சலித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். தமிழில் எழுதுபவர்கள் முதல் நாளே சந்திக்கும் முட்டுக்கட்டை ஒன்று உண்டு: லேடெக்கின் வழக்கமான வடிவமான பிடிஎஃப் லேடெக் தமிழ் எழுத்தைக் கண்டதும் இந்த யூனிகோடு எழுத்துக்கு ஏற்பாடு இல்லை என்று நின்றுவிடும். யூனிகோடை ஏற்கும் சீலேடெக் அல்லது லுவாலேடெக்குக்கு மாற வேண்டும்; இணையத்திலேயே லேடெக் எழுத உதவும் ஓவர்லீஃபில் அமைப்புகளைத் திறந்து கம்பைலர் என்ற இடத்தில் மாற்றலாம். எழுத்துருவை அறிவிக்கும்போது ஸ்கிரிப்ட் என்பதற்குத் தமிழ் என்று குறிப்பிடாவிட்டால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். லுவாலேடெக்கில் கூடுதலாக ரெண்டரர் என்பதற்கு ஹார்ஃப்பஸ் என்றும் கொடுங்கள். பாலிகிளாசியா தொகுப்பில் தமிழை முதன்மை மொழியாக அறிவித்தால், நீளமான சொற்கள் ஓரத்தைத் தாண்டி ஓடாமல் அசை பிரிந்து மடங்கும்.

லேடெக்கில் மிகவும் ஏமாற்றும் பழுது சத்தமே போடாதது. கணிதப் பகுதிக்குள் தமிழ்ச் சொல்லை அப்படியே எழுதினால், கணித எழுத்துருவில் தமிழ் இல்லாததால் அந்தச் சொல் பிடிஎஃபில் காணாமல் போகும். ஆனால் பிழை என்று எதுவும் நிற்காது. பதிவுக் கோப்பில் மட்டும் ஒரு வரி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. தமிழ்ச் சொல்லை டெக்ஸ்ட் என்ற கட்டளைக்குள் இட வேண்டும். டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் என்ற அமைப்பின் மதிப்பை 3 ஆக்கிவைத்தால், 2021 முதலான டெக்லைவ் (லேடெக் நிறுவல் தொகுப்பு) பதிப்புகளில் இப்படி எழுத்து தொலையும்போது பிழையாகவே நின்றுவிடும். எல்லா நூலின் முகப்பிலும் இந்த ஒரு வரியை எழுதிவைப்பது நல்லது.

கூகுள் டாக்ஸில் சமன்பாடு எழுதலாம், ஆனால் வசதிகள் குறைவு. எட்டாம் வகுப்பு வரை சமாளிக்கும்.

இப்போது புதிதாக ஒரு பிழையும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடலில் கேள்விகளை எழுதவைத்து அப்படியே ஒட்டுகிறார்கள். டாலர் குறிகளும் பின்சாய்கோடுகளும் நெளி அடைப்புகளும் தாளில் அச்சாகின்றன. அது லேடெக் எழுத்து. வேர்டில் ஒட்டிய பிறகு இரு பக்கமும் உள்ள டாலர் குறிகளை நீக்கி, மிச்சத்தைத் தேர்ந்தெடுத்து, ஆல்ட், சமக்குறி அழுத்தி, லேடெக் பொத்தானைத் தேர்ந்து, கன்வர்ட் கொடுத்தால் முறையான சமன்பாடாகிவிடும். கேள்வி சரியா, விடை சரியா என்பது வேறு கதை. அதை ஆசிரியர்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

எல்லாச் சிக்கலுக்கும் குறுக்குவழியாகச் சமன்பாட்டைத் திரையில் படம் பிடித்து ஒட்டுபவர்களுக்கு ஒரு சொல். திரையிலிருந்து பிடித்த படம் வழக்கமாக அங்குலத்துக்கு 96 புள்ளி அளவில் இருக்கும். அச்சில் கோட்டு வடிவங்களுக்கு 600 புள்ளிக்குக் குறையக் கூடாது. வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் இன்னும் சுருங்கும். கழித்தல் குறியும் தசமப் புள்ளியும் முதலில் மறையும். அதைவிட முக்கியம், பார்வையற்ற மாணவர்கள் திரைவாசிப்பானில் படிக்கும்போது படத்துக்குள் இருக்கும் சமன்பாடு அவர்கள் காதுக்கு எட்டாது. வேர்டின் சமன்பாட்டையும் இணையப் பக்கத்தில் உள்ள மேத்எம்எல்லையும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்கள் உரிய துணைநிரலுடன் படித்துக் காட்டும். குரோம் உலாவி 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பிலிருந்தே மேத்எம்எல்லைக் காட்டுகிறது. ஆகவே உங்கள் இணையப் பதிப்பிலும் படம் போடத் தேவையில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. வினாத்தாள் அனுப்பும் ஆசிரியர்களிடம் டாக்எக்ஸ் கோப்பையும் அதே தாளின் பிடிஎஃபையும் சேர்த்துக் கேளுங்கள். பிடிஎஃபை வேர்டின் சேவ் ஆஸ் வழியாக எடுக்கச் சொல்லுங்கள். அதன் ஆப்ஷன்ஸ் பெட்டியில் பிடிஎஃப்/ஏ என்பதை டிக் செய்தால் எழுத்துருக்கள் கோப்புக்குள்ளேயே வந்துவிடும். பக்கம் அமைத்த பிறகு அந்த பிடிஎஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் வாக்கியங்களை விட்டுவிட்டு எண்ணும் குறியும் மட்டும் ஒப்பிட ஒருவரை அமர்த்துங்கள். அடுக்குகள், மூலக்குறிகள், பின்னக்கோட்டின் நீளம், கழித்தல் குறிகள், பாகைக் குறிக்குப் பதில் பூச்சியம் நிற்கிறதா என்பது ஆகிய ஐந்தையும் பார்த்தால் போதும். கணிதம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, இரண்டு தாளும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தால் சரி. அப்படியும் பிழை நுழைந்துவிட்டால், திருத்தத்தை மறுநாள் அதே மாணவர் பக்கத்தில், கேள்வி எண்ணுடன் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கணித நூல் பக்க வடிவமைப்பாளர்,
சிவகாசி.